ஈரத்துக்குக் கழித்தது

நீங்கள் சொன்னபடி அந்த அக்கா நடக்கவில்லை என்று செம்மேட்டு முகாமில் மைக்கைப் பிடித்துச் சொன்னீர்களே டாக்டர், அது பொய்.

நீங்கள் பெயர் சொல்லவில்லை. "திருப்புலி நாட்டுப் பக்கம் ஒரு பெண்மணி" என்றீர்கள். "வாரா வாரம் போனில் எவ்வளவோ சொல்லிக்கொடுத்தோம். கடைசியில் பார்த்தால் கொடுத்த மாத்திரை முந்தானையில் அப்படியே முடிந்திருக்கிறது. சொன்னபடி நடக்காதவர்களை எந்த வைத்தியமும் காப்பாற்றாது" என்றீர்கள். கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் பந்தலின் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் அக்காவின் மகளும் இருந்தாள். முந்தானை, மாத்திரை என்றதும் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

வருஷம் பல ஆகிவிட்டது. நான் மறக்கவில்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். நானும் பெயர் சொல்லப் போவதில்லை. பெயரை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்கிறேன். அதைக் கேளுங்கள்.

அக்கா எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. பக்கத்துக் காட்டுக்காரி. அவள் மிளகுக் கொடி வேலி தாண்டி என் மரத்தில் ஏறும், என்னுடையது அவள் மரத்தில் ஏறும். புருஷன் கேரளாவுக்கு மரம் அறுக்கப் போனவன், திருவிழாவுக்குத் திருவிழா வந்து தலையைக் காட்டுவான். இருந்தது ஒரே மகள். சாமையும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போட்டு, மிளகு பறித்து, தனி ஆளாகக் காட்டைப் பார்த்தாள். கருப்பு, ஒல்லி, முன்பல் ஒன்று பாதி உடைந்தது. சிரித்தால் கையால் மறைத்துக்கொள்வாள்.

அவளிடம் ஒரு குணம். படித்தவரோ, பதவியில் இருப்பவரோ, வெளியூர்க்காரரோ ஒன்று சொல்லிவிட்டால் அதை அப்படியே செய்வாள். ஏன் என்று கேட்க மாட்டாள். சொன்னவர் மறந்துபோயிருப்பார். இவள் செய்துகொண்டிருப்பாள். கேட்டால் ஒரே பதில்தான்: "சொல்லியிருக்காங்கல்ல."

ஒரு சந்தை நாளில் பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் பையன், "அக்கா, நீங்க இங்கயே நில்லுங்க, கோயில் வரைக்கும் போயிட்டுத் திரும்பும்போது ஏத்திக்கறேன்" என்று சொல்லிவிட்டு விசில் அடித்துவிட்டான். பஸ் கோயிலுக்குப் போய் அங்கேயே படுத்துக்கொண்டது. சந்தைக்கு வந்தவர்கள் எல்லாம் லாரி, ஜீப் என்று கிடைத்ததில் தொற்றிக்கொண்டு போனார்கள். நான் லாரியில் வந்தபோது, தூறலில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறாள்.

"ஏறுக்கா."

"இல்ல சாமி. கண்டக்டர் தம்பி இங்க நிக்கச் சொல்லுச்சு."

"பஸ்ஸு அங்கயே படுத்துக்கிச்சு. நாளைக்குத்தான் மெக்கானிக்கு வருவான்."

"ஒருவேளை வந்துதுன்னா? என்னைக் காணாம அது தேடும்ல."

லாரிக்காரன் சிரித்தான். எனக்கு எரிச்சல். விட்டுவிட்டுப் போய்விட்டோம். இருட்டும்வரை நின்றிருந்துவிட்டு நடந்தே ஊடு வந்து சேர்ந்தாள். மறுவாரம் கண்டக்டர் பையன் இதைக் கேள்விப்பட்டு, "நிசமாவே நின்னீங்களா அக்கா?" என்று வாயைப் பிளந்தான். அவளும் பல்லை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அவன்மேல் ஒரு கோபமும் இல்லை.

இன்னொரு தடவை விவசாய ஆபீசர் ஒருவர் வந்து, புது ரகக் குச்சிக்கிழங்கு என்று ஒரு வரிசை நட்டுக் கொடுத்தார். "நான் வந்து பார்க்காம இதைப் பிடுங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். மாற்றலாகி எங்கேயோ போய்விட்டார். மற்ற கிழங்கெல்லாம் பிடுங்கி விற்றாயிற்று. அந்த ஒரு வரிசை மட்டும் நின்றது. கிழங்கு முற்றிக் கட்டையானது. கடைசியில் காட்டுப் பன்றி வந்து தோண்டித் தின்றுவிட்டுப் போனது. நான் போய்ப் பார்த்துவிட்டு, "இப்ப என்னக்கா சொல்ற?" என்றேன்.

"பன்னிக்கு யாரும் சொல்லல சாமி" என்றாள்.

"உனக்குன்னு ஒரு புத்தி இல்லியா?"

"இருக்குது. அது என்ன படிச்சிருக்குது?"

இந்த ஆளைத்தான் டாக்டர், சொன்னபடி நடக்காதவள் என்றீர்கள்.

அவளுக்கு உடம்பு கெட்டதை முதலில் பார்த்தது நான்தான். மிளகு பறிக்க ஏணியில் ஏறியவள் பாதியில் நின்று மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மூச்சு இழுக்கிறது. இறங்கியபோது பாதம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தன. கீழே உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். நீங்களே பார்த்தீர்கள். நல்லபடியாகத்தான் பேசினீர்கள். அதை மறைக்க மாட்டேன்.

"இருதயம் பெருத்துப் போச்சும்மா. ரத்தத்தைத் தள்ளுற பலம் குறைஞ்சு போச்சு. அதனால உடம்புல தண்ணி தேங்குது. முழுசாக் குணமாகாது. ஆனா சொல்றபடி இருந்தா வருஷக் கணக்கில ஓட்டலாம்."

"மக பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் ஓடுமுங்களா?"

"அது எங்க கையில இல்லைம்மா. உங்க கையிலதான் இருக்கு."

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். உள்ளங்கை முழுக்க மிளகுக் காம்பின் கறை.

மலையிலிருந்து வாரா வாரம் இறங்கி ஏற வேண்டாம், வியாழக்கிழமை தோறும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும், போனிலேயே எல்லாம் சொல்லிக்கொடுப்போம் என்றீர்கள். அதுவும் நல்ல யோசனைதான். அந்த வளைவுகளில் பஸ்ஸில் வந்தால் நல்ல உடம்புக்கே குடல் வாய்க்கு வரும். ஒரு சிஸ்டர் படம் போட்ட அட்டையை வைத்துக்கொண்டு அக்காவை உட்கார வைத்துச் சொன்னார். உப்பைக் குறைக்க வேண்டும். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். தினசரி மாத்திரையை விடாமல் போட வேண்டும். படுக்கும்போது தலையை உயர்த்தி வைக்க வேண்டும். தினமும் காலையில், வெறும் வயிற்றில், ஒரே புடவையில், ஒரே தராசில் எடை பார்க்க வேண்டும். தனியாக ஒரு பொட்டலத்தைக் கொடுத்து இதையும் சொன்னார்:

"எடை திடீர்னு ரெண்டு கிலோ ஏறினா உடம்புல தண்ணி சேருதுன்னு அர்த்தம். அப்ப மட்டும் இந்த மாத்திரையைப் போட்டுக்கிட்டு, எங்களுக்குப் போன் பண்ணிட்டு, உடனே கீழ வரணும். எடை ஏறாம இதைத் தொடவே கூடாது. தொட்டா கிட்னி போயிடும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க." முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்த முடிச்சுத்தான் டாக்டர் நீங்கள் மேடையில் சொன்னது.

உப்பைக் குறைக்கச் சொன்னீர்கள். அவள் அடுப்படியிலிருந்து உப்புச் சட்டியையே தூக்கி எங்கள் ஊட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். மகளுக்கு மட்டும் தனியாக என் பெண்டாட்டியிடம் வந்து ஒரு சிட்டிகை வாங்கிப் போவாள். உப்பில்லாத களி, உப்பில்லாத அவரைக் குழம்பு. எங்கள் பக்கம் ஒரு ஊட்டில் போய் உட்கார்ந்தால் அங்கே ஆக்கியதைத் தின்றாக வேண்டும். தின்னாமல் எழுந்தால் அது பகை. ஒரு கல்யாணத்துக்கு இவள் தூக்குப் போசியில் உப்பில்லாத சாமைச் சோறு கொண்டுவந்து பந்தியில் உட்கார்ந்து பிரித்தாள். பெண்ணின் தகப்பன் வந்து நின்றான்.

"ஏன், எங்க ஊட்டுச் சோத்துல விசம் வெச்சிருக்குதா?"

"இல்லீங்க அண்ணா. உப்பு ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க."

"உப்பு ஆகாதவ எதுக்கு விருந்துக்கு வந்த? மொய் வெச்சுட்டுப் போயிருக்க வேண்டியதுதான?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. அவள் போசியை மூடி எடுத்துக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றாள். அதற்கப்புறம் அந்த ஊட்டில் அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. பொங்கலுக்கும் கூப்பிடவில்லை. உங்கள் அட்டையில் உப்புப் படத்தின்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. இதெல்லாம் போடவில்லை.

தண்ணீருக்கு ஒரு சொம்பு வைத்துக்கொண்டாள். காலையில் நிரப்பினால் அதுதான் அன்றைக்கெல்லாம். வெயிலில் களை வெட்டிவிட்டு வந்து அந்தச் சொம்பை எட்டிப் பார்த்துவிட்டு மூடி வைப்பாள். ஓடைக்கரையில் நின்று நாங்கள் கை நிறைய அள்ளிக் குடிக்கும்போது அவள் ஒரு நெல்லிக்காயைக் கடித்து வாயில் அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். தலைகாணி ஏது? சாமை மூட்டையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாள்.

எடைதான் பெரிய பாடு. எங்கள் ஊரில் ஆள் ஏறும் தராசு கிடையாது. மிளகு வாங்குகிற கடைக்காரரிடம் மூட்டை நிறுக்கிற தராசு இருந்தது. விட்டத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும். ஒரு பக்கம் பலகை, இன்னொரு பக்கம் எடைக்கல். ஊருக்கு ஒரே போனும் அந்தக் கடையில்தான். அக்கா தினமும் விடிந்ததும் மேட்டில் ஏறி அங்கே போவாள். எடைக்கென்றே ஒரு பச்சைப் புடவை வைத்திருந்தாள். ஒரே புடவையில் என்று சொல்லியிருக்கிறார்களே. ஊட்டுக்குப் போனதும் அதை அவிழ்த்து அலசிப் போட்டு, மறுநாள் அதையே கட்டிக்கொண்டு வருவாள்.

கடைக்காரர் தமாஷ் பேர்வழி. "மொத மூட்டை வந்திருச்சுப்பா" என்பார். சுமை தூக்குகிற ஆள், "அக்கா, நீங்க மிளகா, காப்பிக் கொட்டையா? எந்த ரேட்டுல போடறது?" என்பான்.

"சொத்தைக் கொட்டை சாமி. யாரு வாங்குவா?" என்று சொல்லிக்கொண்டே பலகையில் ஏறிக் காலை மடக்கி உட்காருவாள். சங்கிலியைப் பிடிக்க மாட்டாள். பிடித்தால் எடை தப்பாகிவிடுமோ என்று பயம். கடைக்காரர் கல்லை ஏற்றி இறக்கிப் பார்த்து, மூட்டைக்குக் கத்துவது போலவே கத்துவார்: "நாப்பத்தி ரெண்டு." அவள் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இறங்குவாள்.

வியாழக்கிழமை போன் வரும். காது அவளுக்குச் சரியாகக் கேட்காது என்று கடைக்காரர் ஸ்பீக்கர் பட்டனை அழுத்திவிடுவார். கடையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும். அக்கா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து, போனுக்கு முன்னால் கை கட்டி நிற்பாள். சிஸ்டர் எப்போதும் அதே வரிசையில் கேட்பார். உப்பு? இல்லீங்க. தண்ணி? ஒரு சொம்புதானுங்க. மாத்திரை? போட்டனுங்க. எடை? நாப்பத்தி ரெண்டுங்க. "வெரி குட். அப்படியே இருங்க." முடிந்தது. அந்த வெரி குட்டுக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவள். வேறு யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை.

கோடை நன்றாகவே போனது. ஏணியில்கூட ஏறினாள். நான்கூட உங்களைப் பெருமையாகப் பேசினேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கள் மழை உங்களுக்குத் தெரியாது. மேகம் ஊட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். போட்ட துணி காயாது, அடுப்பு விறகு காயாது. அக்கா அந்தப் பச்சைப் புடவையை ஈரத்தோடு சுற்றிக்கொண்டு, மழைக்குத் தலையோடு சாக்கை மடித்துக் கொங்காடை போட்டுக்கொண்டு, தினமும் போனாள். சாக்கை வாசலில் போட்டுவிட்டுப் பலகையில் ஏறுவாள். "நாப்பத்தி ரெண்டு." இறங்குவாள்.

ஆனால் கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் கணுக்கால். பிறகு கெண்டைக்கால். மெட்டி சதைக்குள் புதைந்து விரல் நீலமாகிவிட்டது. நான்தான் கம்பி வெட்டுகிற கொறட்டால் மெட்டியை வெட்டி எடுத்தேன். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. சாமை மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தும் மூச்சு வாங்கியது.

"கீழ போலாம் வாக்கா."

"எடை ஏறலியே சாமி."

"எடை கெடக்குது. காலைப் பாரு."

"எடை ஏறினாத்தான் வரச் சொல்லியிருக்காங்க. சும்மா போயி நின்னா என்ன நெனைப்பாங்க?"

"சரி, ஆஸ்பத்திரி மிசின்ல ஒருக்கா ஏறிப் பாத்துரலாம். நானே வண்டி புடிக்கறேன்." மலையிலேயே சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆள் நிற்கிற மெஷின் உண்டு.

"ஒரே தராசுலதான் பாக்கோணும்னு சிஸ்டரு அத்தனை தடவை சொல்லுச்சு. மாத்தி மாத்திப் பாத்தா கணக்கு தப்பீரும்."

கத்தினேன். கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன். அவள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "வியாழக்கிழமை கேட்டுப் போட்டுப் போலாம். திட்டாத சாமி."

அந்த வியாழக்கிழமை நானும் கடைக்குப் போனேன். மேடேற அவளுக்கு என் தோள் தேவைப்பட்டது. பலகையில் ஏற்றி உட்கார வைத்தேன். கடைக்காரர் புடவை ஓரத்தைக் கையால் பிழிந்து பார்த்தார். கல்லைப் போட்டார், எடுத்தார். "நாப்பத்தி ரெண்டு." போன் வந்தது. அவள் செருப்பைக் கழற்ற முயன்றாள். கால் உப்பிச் செருப்பு வரவில்லை. நான் குனிந்து கழற்றினேன்.

"என்னங்க, இப்படி மூச்சு வாங்குது?" சிஸ்டர்.

"மேட்டுல ஏறி வந்தனுங்க."

"உப்பு?"

"இல்லீங்க."

"தண்ணி? மாத்திரை?"

"அளவுதானுங்க. போட்டனுங்க. சிஸ்டரு, காலு மட்டும் கொஞ்சம்…"

"எடை எவ்வளவுங்க?"

"நாப்பத்தி ரெண்டுங்க."

"அப்ப பயப்படாதீங்க. வெரி குட்."

நான் நடுவில் புகுந்தேன். "சிஸ்டர், நான் பக்கத்துக் காட்டுக்காரனுங்க. காலு யானைக்கால் மாதிரி இருக்குதுங்க. மெட்டியை வெட்டி எடுத்திருக்கோம்."

"எடை ஏறலைங்களே. நின்னுக்கிட்டே வேலை செஞ்சா கால் வீங்குங்க. காலை உயரத் தூக்கி வெச்சுப் படுக்கச் சொல்லுங்க. டாக்டர்கிட்டயும் சொல்றேன்."

சொன்னார்களா டாக்டர்? சொன்னார்கள் என்றால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? அதை மட்டும் எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

அக்கா ஊட்டுக்குப் போனாள். அதுவரை முதுகுக்கு வைத்திருந்த சாமை மூட்டையை இழுத்துக் காலுக்கு வைத்தாள். தரையில் மல்லாந்து படுத்தாள். மறுநாள் காலையில் போனால் உதடு நீலம் பாரித்துக் கிடக்கிறாள். இருமினால் நுரை வருகிறது.

"எந்திரிச்சு உக்காருக்கா."

"உக்காந்தா தேவலாந்தான் சாமி. படுத்தா மூச்சு முட்டுது. காலைத் தூக்கி வெக்கச் சொல்லியிருக்காங்கல்ல."

அதற்கு மேல் நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. தூக்கி ஜீப்பில் போட்டேன். என் பெண்டாட்டி மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். மழையில் வளைவுக்கு வளைவு மண் சரிந்து கிடந்தது. டிரைவர் இறங்கிக் கல்லை உருட்டிவிட்டு உருட்டிவிட்டு ஓட்டினான். பாதி மலை இறங்கியபோது அக்கா கண்ணைத் திறந்தாள்.

"சிஸ்டருக்குப் போன் பண்ணிட்டியா சாமி? போன் பண்ணிட்டுத்தான் வரச் சொல்லியிருக்காங்க."

"பண்ணியாச்சுக்கா." பொய்தான் சொன்னேன். மழையில் போன் செத்துக் கிடந்தது.

அடிவாரத்துக் காரவள்ளி ஓட்டு வீடுகள் கண்ணுக்குத் தெரிகிற வளைவில் என் பெண்டாட்டி, "ஏனுங்க, வண்டியை நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன ஆகப் போகிறது? அப்படியே உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து இறக்கினோம். அங்கேதான் ஒரு நர்ஸ் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. ஒரு சின்ன டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சாப்பிடவே இல்லையா?" என்றார். அதையே நீங்கள் உண்மையாக்கிவிட்டீர்கள்.

அக்காவின் காரியம் முடிந்து, மழை விடுகிற சமயத்தில், காப்பிக் கொட்டை போடக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒருத்தன் மூட்டை ஏற்றியிருந்தான். கடைக்காரர் சாக்கைக் கையால் அமுக்கிப் பார்த்து, வழக்கம்போல் சத்தம் போட்டார்: "அம்பத்தி மூணு. ஈரத்துக்கு ரெண்டு போச்சு. அம்பத்தி ஒண்ணு."

பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். எங்கள் மலையில் மழை மாதத்தில் எதை நிறுத்தாலும் ஈரத்துக்குக் கழிப்பார்கள். கொடுக்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். அன்றைக்குத்தான் அது எனக்கு வேறு மாதிரி கேட்டது.

"அக்காவுக்கும் கழிச்சீங்களா?"

"எதை?"

"ஈரத்துக்கு."

"பின்ன? சொட்டச் சொட்ட அந்தப் புடவையோட வந்து உக்காந்துச்சு. மனசுக்குள்ளயே கழிச்சுட்டுத்தான் சொல்லுவேன், கழிக்காம எப்படிச் சொல்றது? மூட்டையை ஏமாத்தலாம், ஆளை ஏமாத்தலாமா? சரியான எடையைச் சொல்லோணும்ல."

"எவ்வளவு கழிச்சீங்க?"

"மொதல்ல ஒண்ணு. அப்புறம் ரெண்டு. கடைசியில நாலு கிட்ட வந்துச்சு. மழை வலுத்துச்சுல்ல? களி திங்கற ஒடம்பு, அது பாட்டுக்கு நாலு கிலோ ஏறுமா? நாப்பத்தி ரெண்டுன்னு எனக்குத் தெரியாதா?"

அவரை அடிக்கக் கை ஓங்கினேன். சுமை தூக்குகிறவன் குறுக்கே வந்தான். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. எடைக்கல்லைக் கீழே வைத்துவிட்டு என் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். "இதை எங்கிட்ட யாராவது சொல்லியிருக்கலாமே சாமி" என்றார். ஒரு ஆளை அந்த மனுஷன் தினமும் நிறுத்தார். எதற்கு நிறுக்கிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கூலி எதுவும் வாங்காமல்தான் நிறுத்தார்.

அடுத்த வியாழக்கிழமை நானே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். சிஸ்டரிடம் எல்லாம் சொன்னேன். தராசு, ஈரம், கழித்தது, எல்லாம். "டாக்டர்கிட்ட சொல்றேங்க" என்றார். அதற்கப்புறம்தான் நீங்கள் செம்மேட்டில் பேசினீர்கள். உங்களிடம் சொல்லாமல் விட்டிருந்தால் உங்கள் ஆஸ்பத்திரி லட்சணம் அவ்வளவுதான். சொல்லியும் நீங்கள் அப்படிப் பேசினீர்கள் என்றால், அதற்கு நான் போடுகிற வார்த்தையை யாரும் அச்சடிக்க மாட்டார்கள்.

கூட்டம் முடிந்து மகளை நான்தான் கூட்டி வந்தேன். வழியில் கேட்டாள்.

"மாமா, அந்த மாத்திரையைத் தின்னிருந்தா அம்மா பொழைச்சிருக்குமா?"

"எடை ஏறாம திங்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க கண்ணு. எடையில ஈரத்துக்குக் கழிச்சுட்டாங்க. உங்கம்மா சொன்னதெல்லாம் செஞ்சுது."

"டாக்டர் அப்படிச் சொல்லலியே மாமா."

திரும்பத் திரும்பச் சொன்னேன். தராசைக்கூடக் காட்டினேன். தலையாட்டினாள். ஆனால் நான் யார்? பக்கத்துக் காட்டுக்காரன். நீங்கள் டாக்டர், மைக்கில் சொன்னீர்கள். தாயின் குணம் மகளுக்கு அப்படியே இருந்தது.

அவள் பன்னெண்டாவது முடித்தாள். அக்காவின் அந்த ஆசை நடந்துவிட்டது. நர்ஸுக்குப் படித்தாள். இப்போது சமவெளியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. போன மாசம் என் தம்பியை அங்கே சேர்த்திருந்தோம். பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியவர் மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடித்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள்: "அப்படிச் செய்யாதீங்க அப்பா. எங்கம்மாவும் இப்படித்தான், டாக்டர் சொன்னபடி நடக்கலை. மாத்திரையை முடிஞ்சு வெச்சுக்கிட்டே போயிட்டாங்க."

நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

மலையில் எதுவும் மாறவில்லை டாக்டர். கடைக்காரரின் மகன் இப்போது மிஷின் தராசு வைத்திருக்கிறான், நம்பர் சிவப்பாக எரிகிறது. மழை வந்தால் அவனும் ஈரத்துக்குக் கழிக்கிறான். உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதும் போன் வருகிறது, இப்போது செல்லில். எங்கள் ஊருக்கு மேலே மேலூரில் ஒரு ஆளுக்கு வருகிறது. அவனும் அந்தத் தராசில்தான் ஏறுகிறான். நான் போய்ச் சொன்னேன். "ஒரே தராசுல பாக்கச் சொல்லியிருக்காங்க" என்றான்.

வருகிற மாசம் செம்மேட்டில் மறுபடி முகாம், நீங்கள் வந்து பேசப் போகிறீர்கள் என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் பதில் சொல்வீர்கள் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது. ஆனாலும் வருவேன். அக்காவின் மகளைக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைப்பேன். நான் சொல்லி அவள் நம்பவில்லை. நீங்கள் சொன்னால் நம்புவாள். மன்னிப்பு வேண்டாம். சால்வை போர்த்துகிற வேலையும் வேண்டாம். தனியாக அறைக்குள் கூப்பிட்டுப் பேசவும் வேண்டாம். அன்றைக்குப் பேசிய அதே மேடையில், அதே மாதிரி மைக்கைப் பிடித்து, அவள் முகத்தைப் பார்த்து, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

வாரா வாரம் எடை எவ்வளவு, எடை எவ்வளவு என்று கேட்டீர்களே, அந்த அக்கா எந்தத் தராசில் ஏறுகிறாள் என்று உங்களில் ஒருவராவது ஒருநாளாவது கேட்டீர்களா, இல்லையா?